மெடிசின் கிடைச்சாச்சு, எங்கே தங்கப் போறே?

எஸ்.டி.பி.எம், மெட்ரிகுலேஷன், ஃபவுண்டேஷன் என்று எந்த வழியாக வந்தாலும் சரி, மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஊர்ல படிக்கப் போறே?" பதிலுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும். ஊர் பெயர் வராது. ஐந்து வருடம் சாப்பிட்டு, தூங்கி, காய்ச்சல் வந்து, தீபாவளி கொண்டாடப் போகும் இடம் அது. இந்த மாதப் பாடம் அந்த ஊரைப் பற்றியும், அங்கே பிடிக்கப் போகும் வீட்டைப் பற்றியும்தான்.

நான் பேரா மாநிலத்துப் பெண். கிளந்தானில் படித்து முடித்து, இப்போது ஓர் அரசாங்க மருத்துவமனையில் ஹவுஸ்மன். எங்கள் கிளையிலிருந்து வருடா வருடம் இரண்டு மூன்று பேராவது இந்த விஷயத்துக்காக எனக்குப் போன் செய்கிறார்கள். பெரும்பாலும் அப்பா அம்மாதான் பேசுவார்கள். "பினாங்குல கிடைச்சிருக்கும்மா, பக்கந்தான், வாராவாரம் போய்ப் பாத்துக்கலாம்" என்று ஓர் அங்கிள் சந்தோஷமாகச் சொன்னார். மகனுக்குக் கிடைத்தது யு.எஸ்.எம். அதன் தலைமை வளாகம் பினாங்கில் இருப்பது உண்மை. ஆனால் மருத்துவப் படிப்பு நடப்பது கிளந்தானில், கோத்தா பாருவை ஒட்டிய கூபாங் கெரியானில் உள்ள சுகாதார வளாகத்தில். அதை நான் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை.

இது அந்த அங்கிளுக்கு மட்டும் நடந்த கதையில்லை. யு.கே.எம் என்றால் எல்லோருக்கும் பாங்கிதான் ஞாபகம் வரும். மருத்துவப் பீடம் செராஸில், துவாங்கு முரிஸ் மருத்துவமனையோடு சேர்ந்து இருக்கிறது. அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் கோம்பாக்கில் இருந்தாலும் அதன் மருத்துவப் படிப்பு குவாந்தானில். யூனிமாஸ் என்றால் சரவாக்கின் கோத்தா சமரஹான், யு.எம்.எஸ் என்றால் கோத்தா கினபாலு. இரண்டுக்கும் விமானம் ஏறித்தான் போக வேண்டும். விழாக்கால டிக்கெட் விலை உங்களுக்கே தெரியும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. வளாகம், மருத்துவமனை இரண்டும் லெம்பா பந்தாய் பக்கத்திலேயே இருக்கின்றன.

தனியார் பக்கம் போனால் ஊர் ஒன்றோடு நிற்காது. ஐ.எம்.யு-வில் தொடக்க ஆண்டுகள் புக்கிட் ஜாலிலில், மருத்துவமனைப் பயிற்சி ஆண்டுகள் சிரம்பானில். மோனாஷில் சன்வேயில் தொடங்கி ஜொகூர் பாரு வரை போக வேண்டியிருக்கும். பினாங்கில் உள்ள ஆர்.சி.எஸ்.ஐ அண்ட் யு.சி.டி வளாகத்தின் படிப்பில் முதல் பகுதி அயர்லாந்தின் டப்ளினில், பிற்பகுதி பினாங்கில். நம்மவர்கள் நிறையப் பேர் போகிற ஏய்ம்ஸ்ட் கெடாவில் பீடோங் அருகே செமெலிங்கில் இருக்கிறது. குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் அழகான இடம்தான். ஆனால் பட்டணத்துக்குள் இல்லை, சுங்கைப் பட்டாணிக்குப் போக வண்டி வேண்டும்.

ஏன் இப்படி இரண்டு ஊர்? படிப்பு நடக்கும் முறை அப்படி. எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய ஒரே அமைப்புத்தான். முதல் இரண்டு, இரண்டரை ஆண்டுகள் உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் என்று விரிவுரை மண்டபத்திலும் ஆய்வுக்கூடத்திலும் போகும். அதன் பிறகு வார்டு. வார்டுக்கு நோயாளிகள் வேண்டும், படுக்கைகள் வேண்டும். சொந்த மருத்துவமனை உள்ள பல்கலைக்கழகம் மாணவர்களை அங்கேயே வைத்துக்கொள்ளும். இல்லாத பல்கலைக்கழகம் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளை நம்பியிருக்கும். அந்த மருத்துவமனை எந்த ஊரில் இருக்கிறதோ, அங்கேதான் நீங்கள் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகள் இருப்பீர்கள். சொந்த மருத்துவமனை உள்ள இடத்திலும் சில வாரங்கள் வேறு மாவட்டங்களுக்கு அனுப்புவார்கள்.

அதனால் வளாகத்தைத் திறந்தநாளில் சுற்றிப் பார்க்கும்போது நூலகம், நீச்சல் குளம் எல்லாம் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் கேட்க வேண்டியது: "மூணாவது வருஷத்துலேருந்து நான் எந்த ஆஸ்பத்திரியில இருப்பேன்? அங்கே விடுதி நீங்க தருவீங்களா, நானே தேடணுமா? வேற ஊருக்குப் போஸ்டிங் அனுப்பினா தங்குற செலவு யாருது?" இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் நானாக இருந்தால் பணம் கட்டத் தயங்குவேன். அதோடு, அந்தப் பட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதை மன்றத்தின் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் இதை இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஏஜெண்ட் வாய்வார்த்தை போதாது.

லீவு எப்போது?

இதை யாரும் யோசிப்பதில்லை, நானும் ஊர்ப் போன பிறகுதான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். கிளந்தான், திரங்கானு, கெடா மூன்று மாநிலங்களிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். பேராவில் எங்கள் வீட்டில் சனி, ஞாயிறுதான் எல்லாமே நடக்கும். அக்காவின் பரிசம் ஞாயிறு காலை. எனக்கு அன்றைக்கு வார்டு. சனி இரவு பஸ் ஏறி வந்து, சடங்கு முடிந்த கையோடு திரும்பிப் போக முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடியவில்லை. வீடியோ காலில் பார்த்தேன். படிப்புக்காக இது தாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் குடும்பமும் தேதியை அதற்குத் தகுந்தமாதிரி பார்த்திருக்கும்.

தைப்பூசமும் அப்படித்தான். கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு, பேரா, நெகிரி செம்பிலான், ஜொகூர் பக்கம் பொது விடுமுறை. கிளந்தான், திரங்கானு, பகாங், சபா, சரவாக்கில் கிடையாது. தீபாவளிக்கு நாடு முழுக்க விடுமுறை, சரவாக்கைத் தவிர. காவடி எடுக்கும் நேர்த்திக்கடன் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பல விரிவுரையாளர்கள் விட்டுக்கொடுப்பார்கள். பரீட்சை வாரத்தில் விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம் என்பதை மனத்தில் வைத்து வீடு பாருங்கள். 2014 டிசம்பர் வெள்ளத்தைக் கிளந்தான்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். வெயில் நாளில் பார்க்கும்போது எல்லா வீடும் நல்ல வீடுதான். பக்கத்துக் கடையில் போய், "இங்கே தண்ணி ஏறுமா?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரைவிடக் கடைக்காரர் உண்மையைச் சொல்வார்.

விடுதியா, வெளியிலா?

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொதுவாக விடுதியில் இடம் கொடுத்துவிடுவார்கள். அதை விட்டுவிடாதீர்கள். வாடகை குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, முதல் மூன்று மாதத்தில் யார் நோட்ஸ் தருவார், எந்த சீனியர் பழைய கேள்விகள் வைத்திருக்கிறார், எந்தக் கடையில் சோறு கிடைக்கும் என்பதெல்லாம் விடுதி நடைபாதையில்தான் தெரியவரும். இரண்டாம் ஆண்டிலிருந்து பல விடுதிகளில் நடவடிக்கைப் புள்ளி பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். தமிழ்ப் பேரவை, இந்து சங்கம் என்று எதிலாவது உருப்படியாகச் செயல்பட்டால் அந்தப் புள்ளியும் சேரும், மனுஷாளும் கிடைப்பார்கள்.

விடுதியில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவ மாணவர்களுக்கு மற்றப் பீடங்களைவிட விடுமுறை குறைவு. மற்றவர்கள் ஊருக்குப் போன பிறகும் நமக்கு வகுப்பு இருக்கும். அந்த வாரங்களில் விடுதி திறந்திருக்குமா, கேன்டீன் ஓடுமா, தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

சாப்பாடு. முழுச் சைவமாக இருக்கிற பிள்ளைகளுக்கும் புரட்டாசி விரதம் இருக்கிறவர்களுக்கும் இது சின்ன விஷயமில்லை. "சாயோர் தான் டிக், டாகிங் தாடா" என்று கேன்டீன் மக்சிக் நல்ல மனத்தோடுதான் சொல்வார். கங்கோங்கில் பெலாச்சான் இருக்கும், சம்பலில் நெத்திலி இருக்கும். அவருக்கு அது இறைச்சியாகத் தெரியாது. கோபப்பட்டுப் பயனில்லை, பெலாச்சான், ஈக்கான் பிலிஸ் என்று பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பல விடுதிகளில் ரைஸ் குக்கருக்குத் தடை, பிடித்தால் அபராதம். அறையில் எண்ணெய் விளக்கும் ஊதுபத்தியும் தீப்பாதுகாப்பு விதியில் வராது. என் அறைத்தோழி ஒரு மலாய்ப் பெண். நான் மேசை மூலையில் முருகன் படம் ஒன்று வைத்துக்கொண்டேன், அவள் எதிர் மூலையில் தொழுகை விரிப்பு. இரண்டு வருடம் ஒரு பிரச்சினையும் வரவில்லை. எனக்கு அவளால் வந்த ஒரே தொல்லை, விடியற்காலை அலாரத்தை ஐந்து தடவை ஸ்னூஸ் போடுவது.

வெளியே வீடு தேடும்போது கணக்கை முதலில் போடுங்கள். தூரத்தில் 200 வெள்ளிக்கு அறை இருக்கிறது, மருத்துவமனைப் பக்கத்தில் 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். பார்த்தால் 200 மிச்சம் மாதிரி தெரியும். தூர அறையிலிருந்து கிராப் போக வர ஒரு நாளைக்கு 16 வெள்ளி, மாதம் 22 நாள் என்றால் 352. அறையோடு சேர்த்து 552. பக்கத்து அறையைவிட 152 வெள்ளி அதிகம். மோட்டார் இருந்தால் கணக்கு மாறும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஆன் கால் முடிந்து, தூக்கக் கலக்கத்தில், மழையில் மோட்டார் ஓட்டுவதற்கு நான் விலை போட மாட்டேன். காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும், ஸ்பெஷலிஸ்ட் வரும் முன் நோயாளியைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். வார்டு ஆண்டுகளில் மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில், விளக்கு வெளிச்சம் உள்ள பாதையில் வீடு. தங்கச்சிகள் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மா அப்பா "காசு அதிகம்" என்றால் மேலே சொன்ன கணக்கைக் காட்டுங்கள்.

முன்பணம்தான் பல குடும்பங்களைத் தடுமாற வைக்கிறது. நம் நாட்டு வழக்கம் இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. 1,500 ரிங்கிட் வீடு என்றால் 3,000, அதோடு 750, அதோடு 1,500. ஆகமொத்தம் 5,250. ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு 1,050. இது படிப்புக் கடன் கைக்கு வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டிய பணம். அதனால் கடன் எப்போது வரும், அதுவரைக்கும் யார் கொடுப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தங்கத்தை அடகு வைத்துக் கொடுத்த அம்மாக்களை எனக்குத் தெரியும். முன்கூட்டிப் பேசியிருந்தால் மாமாவோ சித்தப்பாவோ இரண்டு மாதத்துக்குக் கைமாற்றாகக் கொடுத்திருப்பார்கள். அப்பா அம்மாவின் இ.பி.எஃப்-இல் பிள்ளைகளின் கல்விக்கு எடுக்கும் வழி ஒன்று இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். ஆனால் அது அவர்கள் வயதான காலத்துக்கு உள்ள பணம் என்பது மறக்கக் கூடாது.

ஐந்து பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஒருவர் பாதியில் போய்விட்டால்? மருத்துவத்தில் இது நடக்கும். பரீட்சையில் தவறி அடுத்த குழுவுக்குப் போவார்கள், சிலர் படிப்பையே மாற்றிக்கொள்வார்கள். 1,500-ஐ நான்கால் வகுத்தால் 375. நீங்கள் 300 என்று நினைத்து வந்தீர்கள். அதனால் உள்ளே போகும் முன்பே நால்வர், ஐவர் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: போகிறவர் மாற்றாளைத் தேடித் தர வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை மாத வாடகை கொடுக்க வேண்டும். "ஃப்ரெண்ட்ஸுக்குள்ள என்ன எழுத்து" என்பார்கள். எழுதாமல் விட்டுத்தான் நட்பு போகிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் ஒரு கேள்வி

இதை எழுதாமல் போனால் பாடம் முழுமையாகாது. நான்காம் ஆண்டில் நான்கு தமிழ்ப் பெண்கள் சேர்ந்து வீடு தேடினோம். விளம்பரத்தில் வீடு இருக்கும். போன் செய்தால் ஏஜெண்ட் நன்றாகப் பேசுவார். பெயர் கேட்பார். பெயரைச் சொன்னதும், "ஓ, இந்தியரா? இப்பத்தான் வேற ஆளு புக் பண்ணிட்டாங்க." இப்படி ஏழெட்டு வீடு. அதே வீட்டுக்கு மறுநாள் எங்கள் வகுப்புச் சீனத் தோழி போன் செய்தால் வீடு காலியாக இருக்கும். சில விளம்பரங்களில் இன்னின்ன இனத்தவர் மட்டும் என்று பச்சையாகவே போட்டிருப்பார்கள். நாளைக்கு இவர்கள் வீட்டு ஆள் நோயாக வந்தால் நாங்கள்தான் ஊசி போடப் போகிறோம் என்று என் தோழி அழுதுகொண்டே சொன்னாள்.

வாடகை வீட்டில் இன ஒதுக்கலைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அது ஒரு பக்கம் நடக்கட்டும், நம் இளைஞர்கள் அதற்குக் குரல் கொடுக்கவும் வேண்டும். ஆனால் உங்களுக்கு அடுத்த மாதம் வீடு வேண்டுமே. நான் சொல்வது இதுதான்: முதல் வாட்ஸ்அப்பிலேயே முழுப் பெயர், மருத்துவ மாணவர், எத்தனை பேர் என்று போட்டுவிடுங்கள். மறுக்கிறவர் அங்கேயே மறுக்கட்டும், பஸ் ஏறிப் போய் வாசலில் நின்று அவமானப்பட வேண்டாம். பெயரை மறைத்துப் போகச் சொல்லும் ஆட்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மறைத்துப் போன வீட்டில் ஒரு வருடம் பயந்து பயந்து இருக்க வேண்டும்.

எங்களுக்கு வீடு கிடைத்தது விளம்பரத்தில் இல்லை, இந்து சங்கத்து சீனியர் அண்ணன் ஒருவர் வழியாக. முடித்துப் போகிறவர்கள் அடுத்த குழுவுக்குக் கைமாற்றும் வீடுகள் எல்லா மருத்துவ வளாகத்திலும் இருக்கின்றன. வீட்டுக்கார மக்சிக் ஒரே நிபந்தனை போட்டார்: வீட்டுக்குள் பன்றி இறைச்சி, பீர் கூடாது. எங்களுக்கு அதில் ஒன்றும் சிரமம் இல்லை. ஹரி ராயாவுக்கு எங்களுக்கென்று கோழி ரெண்டாங் தனியாகச் செய்து கொடுத்தார், "இதில் டாகிங் சட்டி கரண்டிகூடப் படவில்லை" என்று சொல்லி. தீபாவளிக்கு முறுக்கு அவர் வீட்டுக்குப் போனது. எங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று தங்கச்சிகள் இருக்கிறார்கள். உங்களுக்கு இடம் உறுதியானதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த வளாகத்து இந்து சங்கத்தையோ தமிழ் மாணவர்களையோ தேடிப் பிடிப்பது. யாரையும் தெரியாவிட்டால் உங்கள் கிளைத் தலைவரிடம் கேளுங்கள்.

சாவி வாங்கும் நாள்

வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். "நிறையப் பேர் கேக்குறாங்க, புக்கிங் பணம் போட்டுடுங்க" என்று அவசரப்படுத்துகிறவர் பெரும்பாலும் வீட்டுக்காரரே இல்லை. வீட்டு வரி பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பணம் அந்தப் பெயருக்குத்தான் போக வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுங்கள், வருமான வரி வாரியத்தில். முத்திரை இல்லாத ஒப்பந்தம் பிறகு நீதிமன்றத்தில் ஆதாரமாக நிற்காது. வைப்புத்தொகையைத் திருப்பித் தராமல் ஏமாற்றினால், 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போடலாம். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது. முத்திரை போட்ட தாள் கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பேச்சு மரியாதையாகிவிடும்.

ஒப்பந்தக் காலத்தை வகுப்பு அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். எட்டு வாரம் வேறு ஊருக்குப் போஸ்டிங் போனாலும் இங்கே வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். கையெழுத்துக்கு முன்பு கேட்டால், அந்த மாதங்களில் வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சில வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாவி கைக்கு வந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் போனை எடுத்து, சுவரில் உள்ள கறை, உடைந்த ஜன்னல் கொக்கி, கழிப்பறைக் குழாய், மெத்தையின் இரண்டு பக்கம், மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மீட்டரின் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். அன்றைக்கே அந்தப் படங்களை வீட்டுக்காரருக்கு அனுப்பி, "அங்கிள், வீட்டை இந்த நிலையில எடுத்துக்கிட்டோம்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டு நீலக்கோடு விழுந்ததைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்கலாம்.